கையடக்க ஜிபிஎஸ்: போன கோடும் திரும்பிய கோடும் 40 மீட்டர் விலகி விழுகின்றன, தூரமும் அதிகம் காட்டுகிறது

ஒற்றையடி:
வணக்கம். நான்கு மாதமாக ஒரு கையடக்க ஜிபிஎஸ் வைத்திருக்கிறேன், வெட்டவெளியில் ஒரு குறையும் இல்லை. போன வாரம் ஒரு பள்ளத்தாக்கில் நடந்தேன், இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, மேலே அடர்ந்த மரங்கள். ஒரே பாதையில்தான் போய்த் திரும்பினேன், ஆனால் வீட்டுக்கு வந்து வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் இரண்டு கோடுகளும் சில இடங்களில் 40 மீட்டர் வரை பிரிந்து கிடக்கின்றன. ஓரிடத்தில் ஓடையின் அக்கரையில் நடந்ததாகக் காட்டுகிறது, நான் ஓடையைக் கடக்கவே இல்லை! போக வர 11 கிலோமீட்டர் என்று பலகையில் இருக்கிறது, கருவி 13.4 என்கிறது. இத்தனைக்கும் திரையில் துல்லியம் 5 மீட்டர் என்றே இருந்தது. கருவி பழுதா? அடுத்த மாதம் இதை நம்பித்தான் தனியாகப் போகிறேன், அதனால் உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

வடமீன்:
பழுது என்று முடிவு கட்டுவதற்கு முன் சில விஷயம் தெரிய வேண்டும். கருவியை எங்கே வைத்திருந்தீர்கள்? எத்தனை நேரம் ஓரிடத்தில் நின்றீர்கள்? விலகல் எங்கும் ஒரே திசையில் இருக்கிறதா, இல்லை அங்கும் இங்குமாக அலைகிறதா?

ஒற்றையடி:
முதுகுப்பையின் பக்கவாட்டுப் பையில், கீழே. சாப்பிட 40 நிமிடம் பாறையடியில் உட்கார்ந்தேன், பதிவு ஓடிக்கொண்டே இருந்தது, நொடிக்கு ஒரு புள்ளி. விலகல் அங்கும் இங்குமாகத்தான், அதுவும் பள்ளத்தாக்குக்குள் மட்டும். கருவியை ஆன் செய்ததும் நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

திசைகாட்டி:
டேட்டம் (பூமியில் இடங்களைக் குறிக்க வரைபடம் எடுத்துக்கொள்ளும் அடிப்படை அளவுமுறை, கருவியில் அதற்கு ஒரு செட்டிங் உண்டு) தவறாக இருக்கும், மாற்றிப் பாருங்கள். எனக்கு ஒருமுறை அப்படித்தான் 200 மீட்டர் தள்ளிக் காட்டியது.

வடமீன்:
தயவுசெய்து டேட்டத்தைத் தொடாதீர்கள். அது தவறாக இருந்தால் வெட்டவெளியிலும் எல்லாப் புள்ளியும் ஒரே திசையில், ஒரே அளவு தள்ளி விழும். பழைய அச்சு வரைபடத்தோடு ஒப்பிடும்போதுதான் அந்தச் சிக்கல் வரும். உங்களுடையது வேறு, பாறையில் பட்டு எதிரொலிக்கும் சிக்னல்.

செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன, சிக்னல் வந்து சேர ஆன நேரத்தை வைத்துத்தான் கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. பாறையில் மோதித் திரும்பி வந்த சிக்னல் கூடுதல் தூரம் பயணித்திருக்கும், அது கருவிக்குத் தெரியாது, நேராக வந்ததாகவே எடுத்துக்கொள்ளும். திரையில் வந்த 5 மீட்டர் என்பது கருவி தானே போட்ட மதிப்பீடு, எதிரொலி பெரும்பாலும் அதில் சேராது. இன்னொன்று, பள்ளத்தாக்கின் இரு பக்கமும் வானம் மறைந்திருப்பதால் பள்ளத்தாக்கின் நீளவாக்கில் உள்ள செயற்கைக்கோள்கள்தான் கிடைக்கும். அதனால் குறுக்குத் திசையில் பிழை பெருகும். நீங்கள் ஓடையைத் தாண்டியதாகக் காட்டியது இப்படித்தான்.

தூரத்துக்கு வருவோம். 40 நிமிடத்தில் 2400 புள்ளிகள், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து விழும், அந்தச் சின்னச் சின்ன நகர்வு எல்லாம் தூரத்தில் கூடிக்கொண்டே போகும், ஒன்றும் கழியாது. சாப்பிட்ட இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், நூல் சிக்கல் மாதிரி இருக்கும்.

காட்டோடை:
பையின் அடியில் வைப்பதை உடனே நிறுத்துங்கள். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், இந்த சிக்னலை அது விழுங்கிவிடும். தோள்பட்டை வாரில் மாட்டுங்கள். உள்ளே தட்டையான ஆன்டெனா என்றால் அதன் முகம் வானத்தைப் பார்க்க வேண்டும், மேலே குட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும் வகை என்றால் நிமிர்ந்தபடி இருக்க வேண்டும். கிளம்பும் முன் திறந்த இடத்தில் ஐந்து நிமிடம் வையுங்கள். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் சுற்றுப்பாதை விவரத்தை அனுப்பவே 30 நொடி ஆகும், மரத்தடியில் அது பாதியில் அறுந்துபோகும். பேட்டரி சேமிப்பு முறையையும் அணைத்துவிடுங்கள். எல்1, எல்5 என இரண்டு அலைவரிசையும் வாங்கும் கருவியாக இருந்தால் அதை இயக்குங்கள், எதிரொலியை அடையாளம் காண நன்றாக உதவும்.

ஒற்றையடி:
நேற்று அதே பாதையில் போய் வந்தேன். தோள்வாரில் மாட்டினேன், ஐந்து நிமிடம் காத்திருந்தேன், நின்ற இடமெல்லாம் பதிவை நிறுத்தினேன். தூரம் 11.5! கோடுகள் பெரும்பாலும் 10 மீட்டருக்குள் சேர்ந்துவிட்டன. பாறை நெருங்கும் ஒரு வளைவில் மட்டும் இன்னும் 25 மீட்டர் விலகுகிறது. மிக்க நன்றி. உயரம் மட்டும் புறப்பட்ட இடத்திலேயே 30 மீட்டர் வித்தியாசம் காட்டுகிறது, அது ஏன்?

வடமீன்:
செயற்கைக்கோள்கள் எல்லாம் தலைக்கு மேலே மட்டும்தான், காலுக்குக் கீழே ஒன்றும் கிடைக்காது. அதனால் கிடைமட்டத்தைவிட உயரத்தில் பிழை எப்போதும் கூடுதல். காற்றழுத்த உயரமானி இருந்தால் உயரம் தெரிந்த இடத்தில் சரிசெய்துவிட்டுக் கிளம்புங்கள், வானிலை மாறினால் மறுபடியும் செய்யுங்கள். அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் மாறினாலே சுமார் 8 மீட்டர் நகர்ந்துவிடும்.

அந்த வளைவை எந்த செட்டிங்கும் முழுதாகத் தீர்க்காது. ஆனால் பயப்பட வேண்டாம், பிழை சேர்ந்துகொண்டே போவதில்லை, வானம் திறந்ததும் கருவி தானாகச் சரியான இடத்துக்கு வந்துவிடும். தனியாகப் போகும்போது அந்த இடத்தில் மட்டும் கருவியைவிட ஓடை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் காகித வரைபடத்தையும் நம்புங்கள்.