சின்ன டவுன்ல ஒருத்தர அரெஸ்ட் பண்ணிருக்காங்களான்னு ஆன்லைன்ல பாக்க முடியுமா? அவசரம்

கண்ணன்_கே
வணக்கம். ஒருத்தர் மேல அரெஸ்ட் ரெக்கார்ட் இருக்கா இல்லையான்னு ஆன்லைன்ல எப்படி பாக்குறது? சின்ன டவுன்தான். பேரு, அப்பா பேரு தெரியும். கூகுள்ல தேடுனா காசு கேக்குற சைட்டா வருது, போலீஸ் சைட்டுக்குப் போனா எஃப்ஐஆர் நம்பர் கேக்குது, நம்பர் தெரிஞ்சா நான் ஏன் தேடப்போறேன். தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

தாமிரா
எந்த ஸ்டேட்? பழைய கேஸா, இப்ப நடந்ததா? அது தெரியாம எதுவும் சொல்ல முடியாதுங்க.

செவக்காட்டான்
மாப்ள வீட்டப் பத்தி விசாரிக்கிறீங்களா ப்ரோ? அப்படின்னா இ-கோர்ட்ஸ் சைட்டுதான் பெஸ்ட், கோர்ட் கேஸ் நிலவரம் பாக்குற அரசு சைட். மாவட்டம், கோர்ட் வளாகம் செலக்ட் பண்ணி பார்ட்டி நேம்ல தேடுங்க. முழுப்பேரு அடிக்காதீங்க, முதல் நாலஞ்சு எழுத்து மட்டும் போடுங்க, ஏன்னா கோர்ட்ல ஏத்துறவர் இனிஷியல முன்னாடி போட்ருப்பாரு, பின்னாடி போட்ருப்பாரு, ஸ்பெல்லிங்ல ஒரு எழுத்து கூடியிருக்கும், நீங்க ஆதார்ல இருக்குற மாதிரி அடிச்சா ரெக்கார்ட் இல்லன்னு வந்துரும். வருஷத்த மாத்தி மாத்திப் பாருங்க. நடக்குற கேஸ், முடிஞ்ச கேஸ் ரெண்டயும் பாக்கணும். எங்க சொந்தத்துல ஒரு சம்பந்தம் இப்படித்தான் தெரிய வந்து நின்னுச்சு.

செந்தில்_வி
ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்டம்) மனு போடுங்க. பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி எஸ்.பி. ஆபீஸ் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்க, பதில் சொல்லியே ஆகணும்.

அட்வகேட்_ராஜா
இங்க வர்ற பாதிப்பேரு அடிப்படையே தெரியாம கேக்குறீங்க, பதில் சொல்றவங்களும் அப்படியே. முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், பேரப் போட்டா ஒரு ஆளோட கைது வரலாறு மொத்தமும் வர்ற மாதிரி பொதுமக்களுக்கான லிஸ்ட் எதுவும் இந்தியாவுல கிடையாது. சிசிடிஎன்எஸ்னு ஸ்டேஷன்கள இணைக்குற நெட்வொர்க்ல எல்லாம் இருக்கு, அது போலீசுக்கு. ஆர்டிஐ போட்டா அந்தச் சட்டத்துல 8(1)(ஹெச்) பிரிவுன்னு சொல்லுவாங்க, விசாரணை பாதிக்கும்னு. இல்லன்னா 8(1)(ஜே), தனிநபர் தகவல்னு. அடுத்தவன் கேஸ நோண்டுறதுக்கு முன்னாடி எதுக்குக் கேக்குறோம்னு சொல்ற பழக்கம் வேணும்.

கண்ணன்_கே
சார் மாப்ள எல்லாம் இல்ல, என் கூடப்பிறந்த தம்பி. நேத்து சாயங்காலம் டீக்கடைல நின்னவன ஸ்டேஷன் ஜீப்ல கூட்டிட்டுப் போனதா அவன் ஃப்ரெண்டு சொல்றான், போன் ஸ்விட்ச் ஆஃப். அம்மா ராத்திரியே ஸ்டேஷன் போனாங்க, பெட்டிஷன் விசாரணைதான் காலைல அனுப்பிருவோம்னாங்க. காலைல போனா அப்படி யாரும் இங்க இல்லங்குறாங்க. நான் வெளியூர்ல வேலைல இருக்கேன், பஸ் ஏறிட்டேன். தமிழ்நாடு, தென் மாவட்டம், ஊர் பேரு போட வேணாம்.

தாமிரா
இத முதல்லயே சொல்லிருக்கக் கூடாதா தம்பி. அவருக்கு வயசு என்ன? 18க்குக் கீழன்னா விஷயமே வேற, லாக்கப்ல வைக்கவே கூடாது, இளைஞர் நீதிக் குழுமத்துல ஆஜர்படுத்தணும்.

கண்ணன்_கே
22

பழைய_ரைட்டர்
தம்பி பதறாதீங்க. நான் ஸ்டேஷன்ல ரைட்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். சைட்ட மூடி வைங்க, இப்ப அதுல ஒண்ணும் கிடைக்காது. எஃப்ஐஆர 24 மணி நேரத்துல சைட்ல ஏத்தணும்னு 2016 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, நெட் கிடைக்காத இடம்னா 72 மணி நேரம் வரைக்கும் டைம் உண்டு. போக்சோ, பாலியல் கேஸ், தீவிரவாதக் கேஸ் மாதிரி விவகாரம்னா ஏத்தவே மாட்டாங்க. இ-கோர்ட்ஸும் அப்படித்தான், கோர்ட்ல நம்பர் ஆனாத்தான் வரும், நேத்து புடிச்ச ஆளு இன்னிக்கு அதுல இருக்க மாட்டான்.

அம்மாவ ஸ்டேஷனுக்குத் திரும்பப் போகச் சொல்லாதீங்க, ஜிஹெச்சுக்குப் போகச் சொல்லுங்க. ரிமாண்டுக்கு முன்னாடி மெடிக்கல் பாக்கணும், ரெண்டு போலீஸ் நடுவுல ஓபி சீட்டோட பெஞ்சுல உக்காந்துருப்பான். அங்க இல்லன்னா ஜேஎம் (ஜுடிஷியல் மாஜிஸ்ட்ரேட்) கோர்ட் வாசல். இன்னிக்கு ஞாயித்துக்கிழமை வேற, மாஜிஸ்ட்ரேட் வீட்லயே வச்சு ரிமாண்ட் பண்ணுவாங்க, வீடு எங்கன்னு கோர்ட் பக்கத்துல ஜெராக்ஸ் கடைக்காரனுக்குக் கூடத் தெரியும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள்ள ஆஜர்படுத்தியாகணும், அதுனால சாயங்காலத்துக்குள்ள அந்தப் பக்கம் கொண்டு வந்தே ஆகணும்.

ஸ்டேஷன் வாசல் போர்டுல அரெஸ்ட் ஆனவன் பேரு எழுதணும்னு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 41சிலயே இருக்கு, அதயும் யாரையாச்சும் பாக்கச் சொல்லுங்க.

அட்வகேட்_ராஜா
ரைட்டர் சார், 41சி எல்லாம் 2024 ஜூன் 30 ஓட முடிஞ்சது. ஜூலை 1லருந்து அதுக்குப் பதிலா வந்த புதுச் சட்டம் பிஎன்எஸ்எஸ், இது அதுல 37வது பிரிவு. பழசுல கண்ட்ரோல் ரூம் வாசல் போர்டுலன்னுதான் இருந்துச்சு, ஸ்டேஷன்னே இல்ல. புதுசுலதான் ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் மாவட்டத் தலைமையிடத்துலயும் கைதானவர் பேரு, முகவரி, என்ன குற்றம்னு தெரியுற மாதிரி வைக்கணும், டிஜிட்டலாவும் வைக்கலாம்னு இருக்கு. அதுக்கு ஏஎஸ்ஐக்குக் குறையாத ஒருத்தர் பொறுப்பு. தப்புத் தப்பா பிரிவு சொல்லாதீங்க.

பழைய_ரைட்டர்
பிரிவு நம்பர் உங்களுக்கு, அந்தத் தாய்க்கு புள்ள எங்கன்னு தெரியணும். நான் சொன்ன இடம் மாறல சார்.

மலர்விழி
நான் சட்ட உதவி மையத்துல வேலை பாக்குறேன். கண்ணன், 15100க்கு அடிங்க, அது சட்டப்பணிகள் ஆணைக்குழு ஹெல்ப்லைன், இலவசமா வக்கீல் கிடைப்பாங்க. ஆணைக்குழு ஆபீஸ் மாவட்ட கோர்ட் வளாகத்துலயே இருக்கும்.

அரெஸ்ட்னா மெமோ போட்டிருக்கணும். நேரம், தேதி இருக்கணும், வீட்டாள் ஒருத்தரோ உள்ளூர்ல மதிப்புள்ள ஒருத்தரோ சாட்சியா கையெழுத்து போடணும், உங்க தம்பியும் போடணும். உங்க வீட்டுக்குச் சொல்ல வேண்டியதும் அவங்க கடமை, பிஎன்எஸ்எஸ் 48வது பிரிவு. 1996ல சுப்ரீம் கோர்ட்டோட டி.கே. பாசு தீர்ப்புலருந்து இருக்குற விஷயம். யாரும் சொல்லலங்குறதால இப்பவே மாவட்ட எஸ்.பி.க்கு ஒரு ஈமெயில் போடுங்க. இத்தன மணிக்கு, இந்த இடத்துல, இன்னார் முன்னாடி கூட்டிட்டுப் போனாங்க, இப்ப இல்லங்குறாங்கன்னு நாலே வரி. முன்னாடி இதுக்குத் தந்தி கொடுப்பாங்க, 2013ல அது நின்னதும் ஈமெயில்தான். நாளைக்கு ஹைகோர்ட் மதுரைக் கிளைல ஆட்கொணர்வு மனு போடுற நிலைமை வந்தா அந்த ஈமெயில் நேரம்தான் பேசும்.

எஃப்ஐஆர் காப்பிக்கு எஸ்.பி.கிட்ட மனு கொடுத்தா 24 மணி நேரத்துல, கோர்ட்ல கேட்டா ரெண்டு வேலை நாள்ல தரணும், அந்த 2016 தீர்ப்புலயே இருக்கு.

செந்தில்_வி
உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதுன்னா ஆர்டிஐலயே 48 மணி நேரத்துல பதில் தரணும், 7(1). நான் சொன்னது தப்பில்ல.

மலர்விழி
சரிதான் செந்தில், ஆனா அதுக்குள்ள அவர் ரிமாண்ட் ஆகிருப்பாரு.

டெக்ஸாஸ்_மணி
இதுக்குத்தான் எல்லாத்தயும் ஆன்லைன்ல வைக்கணுங்குறது. இங்க அமெரிக்காவுல பல கவுண்டில (மாவட்டம் மாதிரி) ஜெயில் ரோஸ்டர்னு ஷெரிஃப் சைட்லயே இருக்கும், பேரு, எப்ப புடிச்சாங்க, என்ன சார்ஜ், ஜாமீன் தொகை, போட்டோ வரைக்கும். ஒருத்தன் காணாம போகவே முடியாது. நம்ம ஊர்ல அம்மா ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலையுறாங்க.

செவக்காட்டான்
அந்த போட்டோவ எடுத்து வேற சைட்ல போட்டு, எடுக்கணும்னா காசு குடுன்னு கேட்டவங்களும் அங்கதான ப்ரோ, அதத் தடுக்கப் பல ஸ்டேட்ல தனிச் சட்டமே போட்டாங்க. அரெஸ்ட் ஆனவன் எல்லாம் குத்தவாளியா?

டெக்ஸாஸ்_மணி
நீங்கதான மேல மாப்ள பேரத் தேடச் சொன்னீங்க.

செவக்காட்டான்
அது கோர்ட்டுக்கு வந்த கேஸ். அரெஸ்ட் வேற, கேஸ் வேற.

அட்வகேட்_ராஜா
கோர்ட்டுக்கு வந்ததுலயே தகராறு இருக்கு. விடுதலையான ஒருத்தர் தீர்ப்புல என் பேர மறைங்கன்னு மெட்ராஸ் ஹைகோர்ட் போனாரு. 2021ல தனி நீதிபதி முடியாதுன்னாரு, 2024ல ரெண்டு நீதிபதி அமர்வு மறைக்கச் சொல்லுச்சு, அதுக்கு சுப்ரீம் கோர்ட் தடை போட்டுருச்சு. 2017ல அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொன்ன பிறகும் இது தீரல. நீங்க ரெண்டு பேரும் இங்க தீர்க்கப் போறீங்களா?

தாமிரா
ரெண்டும் வேற வேற தேவை. யாரை எங்க வச்சிருக்கோம்னு வீட்டுக்கு உடனே சொல்லணும். அதே தகவல பத்து வருஷம் கழிச்சு வீட்டு ஓனர் தேடி எடுக்குற மாதிரி வைக்கக் கூடாது. போர்டுல எழுதுறது அதுக்குத்தான் நல்லது, இன்னிக்கு இருக்கும், நாளைக்கு அழிச்சிருவாங்க. ஆனா எழுதணும்ல. எங்க ஊர் ஸ்டேஷன் போர்டுக்கு முன்னாடி புடிச்ச வண்டிங்க நிறுத்தி வச்சிருக்கு, கிட்டப் போயே படிக்க முடியாது.

கண்ணன், என்னாச்சு? ஜிஹெச்ல பாத்தீங்களா?

பழைய_ரைட்டர்
தம்பி ஒரு வரி போடுங்க.

கண்ணன்_கே
ஜிஹெச்லதான் இருந்தான். அம்மா பாத்துட்டாங்க, அடி எதுவும் இல்ல. மாஜிஸ்ட்ரேட் வீட்ல 15 நாள் ரிமாண்ட், கிளைச் சிறைக்குக் கொண்டு போய்ட்டாங்க. 15100ல சொல்லி ஒரு வக்கீல் வந்தாரு, எஃப்ஐஆர் காப்பிக்கு எழுதிக் குடுத்துட்டோம். சைட்ல இன்னும் வரல. ரைட்டர் ஐயா, மலர் அக்கா ரொம்ப நன்றி. போன்ல சார்ஜ் இல்ல, அப்புறம் வரேன்.

மலர்விழி
வக்கீல்கிட்ட அரெஸ்ட் மெமோல என்ன நேரம் போட்ருக்குன்னு பாக்கச் சொல்லுங்க. நேத்து சாயங்காலமா, இன்னிக்குக் காலையா? ஈமெயில் போட்டீங்கன்னா அதோட பிரிண்ட்டும் அவர்கிட்ட குடுங்க.

அட்வகேட்_ராஜா
என்ன பிரிவுன்னு சொல்லுங்க. ஏழு வருஷத் தண்டனைக்கு உட்பட்டதுன்னா பிஎன்எஸ்எஸ் 35(3)ல விசாரணைக்கு வரச் சொல்ற நோட்டீஸ் குடுக்காம ஏன் புடிச்சாங்கன்னு ஜாமீன் மனுலயே கேக்கலாம். இதப் பத்தின 2014 சுப்ரீம் கோர்ட் அர்னேஷ் குமார் தீர்ப்ப வக்கீல்கிட்ட ஞாபகப்படுத்துங்க.

செவக்காட்டான்
ஜாமீன் மனு நம்பர் ஆச்சுன்னா இ-கோர்ட்ஸ்ல வரும் ப்ரோ, அதுலருந்து ஒவ்வொரு வாய்தாவும் போன்லயே பாத்துக்கலாம். எந்தக் கோர்ட்னு மட்டும் போடுங்க, எப்படித் தேடணும்னு நான் சொல்றேன்.