பைன்டாப் பெர்கின்ஸுக்கு பேரல்ஹவுஸ் பட்டமா?

எண்பத்தெட்டுக்கட்டை: "பேரல்ஹவுஸ் பியானோவின் கடைசி அரசன் பைன்டாப் பெர்கின்ஸ்" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. பேரல்ஹவுஸ் என்றால் மலிவான சாராயக்கடைகளில் வளர்ந்த முரட்டு ப்ளூஸ் பியானோ; ப்ளூஸ் அமெரிக்கக் கறுப்பர்களின் இசை. பெர்கின்ஸ் ப்ளூஸ் பியானோக்காரர்தான், ஆனால் ஆர்கன்சாவின் ஹெலினாவில் நடனக்காரி ஒருத்தி கத்தியால் வெட்டியதில் அவருடைய இடது கைத் தசைநாண் அறுந்தது. கிட்டாரை விட்டுப் பியானோவோடு நின்றதே அதனால்தான். பேரல்ஹவுஸில் இடது கைதான் எல்லாம். டிரம் கிடையாது, கீழ்ச்சுரத்துக்கு பாஸ் கிடையாது; அந்த வேலையும் இடது கைக்குத்தான். மரம் வெட்டும் முகாம்களிலும் பைன் மரப் பிசின் எடுக்கும் டர்பென்டைன் முகாம்களிலும் கூலியாட்கள் விடிய விடிய ஆடியது அந்த ஒரு கையை நம்பித்தான். இவர் எப்படி அரசன்?

டெல்டாக்காரன்: எழுதியது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். வெட்டுப்பட்ட பிறகுதான் மெம்ஃபிஸ் இசைப்பதிவாளர் சாம் ஃபிலிப்ஸிடம் போய் 'பைன்டாப்ஸ் பூகி ஊகி' என்ற பாட்டைப் பதிவு செய்தார். 1969இல் தன் பியானோக்காரர் ஓட்டிஸ் ஸ்பான் விலகியதும் சிகாகோ ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் கூப்பிட்டது இவரைத்தான். கை விளங்காதவரையா கூப்பிட்டார்?

எண்பத்தெட்டுக்கட்டை: மடி வாட்டர்ஸ் குழுவில் டிரம்மும் இருந்தது, பாஸ் கிட்டாரும் இருந்தது. அங்கே இடது கைக்கு என்ன வேலை? என் கட்சிக்கு நீங்களே வாதாடுகிறீர்கள், நன்றி. பியானோக்காரர் ரூஸ்வெல்ட் சைக்ஸ் 1929இல் பதிவு செய்த '44 ப்ளூஸ்' கேளுங்கள். இடது கை கீழேயிருந்து படிப்படியாக ஏறி வரும், வலது கை அதைக் கண்டுகொள்ளாமல் தன் போக்கில் போகும், நடுவில் அவர் பாடுவார். அது கை!

பழையதட்டு: 'பைன்டாப்ஸ் பூகி ஊகி' பெர்கின்ஸ் பாட்டே இல்லையே. கிளாரன்ஸ் 'பைன்டாப்' ஸ்மித் 1928 டிசம்பரில் பதிவு செய்தது. மறு வருடமே சிகாகோவில் குண்டடிபட்டுச் செத்தார் பாவம், முப்பது வயதுகூட ஆகவில்லை. பெர்கின்ஸ் அவருடைய பாட்டோடு பட்டப்பெயரையும் எடுத்துக்கொண்டார்.

டெல்டாக்காரன்: அப்படியானால் சைக்ஸும் எடுத்துக்கொண்டவர்தான். '44' அவருக்கு லீ கிரீன் என்ற பியானோக்காரர் கற்றுக்கொடுத்தது. அதே மெட்டை 'விக்ஸ்பர்க் ப்ளூஸ்' என்று இன்னொரு பியானோக்காரர் லிட்டில் பிரதர் மான்ட்கோமரியும் வாசித்தார். ப்ளூஸில் பாட்டு கைமாறாமல் எப்போது இருந்தது?

புதுக்காது: பேரல்ஹவுஸும் பூகி ஊகியும் ஒன்றா, வேறா? யாராவது சொல்லுங்களேன்.

எண்பத்தெட்டுக்கட்டை: டெல்டாக்காரரே, பேச்சை மாற்றாதீர்கள். இடது கைக்குப் பதில் எங்கே?

டெல்டாக்காரன்: பிரபல இசைக்குழுத் தலைவர் ஐக் டர்னருக்கே பியானோ சொல்லிக்கொடுத்தவர் ஐயா பெர்கின்ஸ். 97 வயதில், 2011இல் கிராமி வாங்கினார். இன்னும் என்ன பதில்?

எண்பத்தெட்டுக்கட்டை: கிராமியை இடது கைக்காகக் கொடுத்தார்களா? ப்ளூஸ் பியானோக்காரர் சாம்பியன் ஜாக் டூப்ரீ பற்றி நான் எழுதியபோதும் இப்படித்தான் விருதைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள்.

டெல்டாக்காரன்: அன்றைக்கு என்னை 'கிட்டார் காது' என்று சொன்னது யார்? அதை நான் மறக்கவில்லை.

பழையதட்டு: சொன்னது சரிதானே?

டெல்டாக்காரன்: உங்களைக் கேட்கவில்லை. பெர்கின்ஸ் குழு இல்லாமல் தனியாக வாசித்த பதிவுகளைக் கேட்டுவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.

எண்பத்தெட்டுக்கட்டை: கேட்டுவிட்டுத்தான் பேசுகிறேன். வலது கை அருமை, மறுக்கவே இல்லை. நான் கேட்பது இடது கை.