பதின்வயதினரின் சமூக ஊடக அனுபவத்தை அளக்க வினாத்தாள் தேவை

உளவியல் முதுகலை ஆய்வுக்காக மதுரைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் 9, 11ஆம் வகுப்பு மாணவர்களிடம் தரவு சேகரிக்கிறேன். மனநலத்தை அளப்பதில் சிக்கல் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்வி அளவுகோல் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கும். மொத்த மதிப்பெண் 25, நான்கால் பெருக்கினால் நூற்றுக்கு வந்துவிடும். பிள்ளைகள் தடுமாறாமல் நிரப்பினார்கள்.

சமூக ஊடகப் பகுதியில்தான் மாட்டிக்கொண்டேன். ‘ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?’ என்று கேட்டால், சொல்வதும் போனில் பதிவாகியிருப்பதும் ஒத்துப்போவதில்லை. சரி, திரைநேரப் பதிவையே எடுக்கலாம் என்றால், பலர் பயன்படுத்துவது அம்மாவின் போன். அம்மா பார்த்த யூடியூபும் அதே கணக்கில் வருகிறது. அப்புறம் பெர்கன் சமூக ஊடக அடிமைத்தன அளவுகோலின் ஆறு கேள்விகளைத் தமிழாக்கி, திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றியும் சரிபார்த்தேன். ஆனால் அது கேட்பது அடிமைத்தனத்தை மட்டும்தான். இன்ஸ்டாகிராமில் உருவக்கேலிக்கு ஆளாகும் பெண்ணும், வாட்ஸ்அப் குழுவில் பாடச் சந்தேகம் தீர்த்துக்கொள்ளும் பெண்ணும் அதில் ஒரே மதிப்பெண் வாங்க முடியும். எனக்கு அந்த வித்தியாசம்தான் முக்கியம். அதைத் தவறவிட்டால் இந்த ஆய்வால் பிள்ளைகளுக்குப் பயனில்லை.

நெறிமுறைக் குழு அனுமதி, பெற்றோர் சம்மதம் இரண்டும் கையில் உள்ளன. அரையாண்டுத் தேர்வுக்கு முன் முடிக்க வேண்டும். எல்லோரிடமும் சொந்த போன் இல்லாததால் செயலி சரிவராது, காகிதம்தான்.

14 முதல் 16 வயதினரிடம் கேலி, ஒப்பீடு, நட்பு, ஆதரவு ஆகிய அனுபவங்களைத் தனித்தனியாக அளக்கும், தமிழில் சோதித்துப் பார்த்த சிறிய வினாத்தாள் எதையாவது நீங்கள் பயன்படுத்தியிருக்கிறீர்களா?