தமுக்கம் மைதானமும் சித்திரைப் பொருட்காட்சியும்

வைகைக்கரை:
மதுரைப் பொருட்காட்சி என்றாலே தமுக்கம்தான் என்பார் அப்பா. அந்த இடத்தின் கதை யாருக்காவது தெரியுமா?

தல்லாகுளத்துக்காரன்:
நான் அதன் பக்கத்திலேயே வளர்ந்தவன் தம்பி. தமுக்கம் என்பது ராணி மங்கம்மாளின் கோடை அரண்மனை. வெள்ளைக்காரர் காலத்தில் கலெக்டர் அங்கே குடியிருந்தார். 1959இல் அதே கட்டடத்தில் காந்தி அருங்காட்சியகத்தை நேரு திறந்துவைத்தார். அரண்மனையின் பெயர் மைதானத்துக்கும் ஒட்டிக்கொண்டது.

பொருட்காட்சி சித்திரையில் வந்ததற்குக் காரணம் திருவிழாதான். மீனாட்சி கல்யாணம், தேர், அழகர் ஆற்றில் இறங்குவது என்று சுற்றுப்பட்டு ஊரெல்லாம் மதுரையில் இருக்கும். அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை நடக்கும் தல்லாகுளமோ கூப்பிடு தூரம். சாமி பார்த்த கையோடு ராட்டினம்!

அம்மா தூக்குவாளியில் புளியோதரை கொண்டுவருவாள். எனக்கு டெல்லி அப்பளம்தான் வேண்டும். என் முகத்தைவிடப் பெரிது, மேலே மிளகாய்த்தூள், எண்ணெய் முழங்கை வரை வழியும். அப்புறம் மரணக் கிணறு. பைக் மேலேறிச் சுற்றும்போது பலகை அதிர்வதை உள்ளங்கையில் உணர்ந்திருக்கிறேன். இன்னும் மறக்கவில்லை.

வைகைக்கரை:
அருமை அண்ணே. தமுக்கத்தில் தமிழன்னை சிலை எப்போது வந்தது?

புதூர் வாசகி:
1981இல், ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி.

தல்லாகுளத்துக்காரன்:
ஆமாம்மா, சரிதான். 2022இல் அங்கே மாநாட்டு மையமும் வந்துவிட்டது. கட்டடம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் புழுதி பறக்கும் அந்த வெட்டவெளியை என் பேரனுக்குக் காட்ட முடியவில்லையே என்ற வருத்தம் எனக்கு நிறையவே உண்டு.