'வெரி குட்' என்று போட்டு விற்ற இசைத்தட்டு கரகரக்கிறது. ஏமாற்றா, என் அறியாமையா?

ஈரோட்டு_ரசிகன்:
போன வாரம் இணையத்தில் ஒரு தமிழ்ப் பட எல்.பி. (நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டு) வாங்கினேன். எண்பதுகளில் எக்கோ நிறுவனம் வெளியிட்ட தட்டு. விலை 2,400 ரூபாய், கூரியர் தனி. நிலை என்ற இடத்தில் 'வி.ஜி./வி.ஜி. பிளஸ்' என்று இருந்தது. வி.ஜி. என்றால் வெரி குட் என்று தெரியும், அந்த நம்பிக்கையில் வாங்கிவிட்டேன். ஊசியை வைத்தால் பாட்டு தொடங்கும் முன்பே பொரி வறுக்கிற சத்தம். புல்லாங்குழல் தனியாக வரும் இடத்தில் குழலைவிட இரைச்சல்தான் முன்னால் நிற்கிறது. ஊசி எங்கும் தாவவில்லை, அது உண்மை. படத்தில் தட்டு கண்ணாடி மாதிரி பளபளத்தது. விற்றவருக்கு எழுதினேன். "வி.ஜி.ன்னுதானே போட்டிருக்கேன் சார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இது ஏமாற்று இல்லையா?

ஊசிமுனை:
இல்லை சார். கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தரப் பெயர்களுக்கு அகராதிப் பொருள் பார்க்கக் கூடாது. அமெரிக்காவில் தட்டு சேகரிப்பவர்களுக்காக வரும் கோல்டுமைன் இதழின் தர வரிசை இது. டிஸ்காக்ஸ் தளத்திலும் இதே வரிசைதான். மேலிருந்து மின்ட் (புத்தம் புதுசு), நியர் மின்ட் (கிட்டத்தட்டப் புதுசு), வி.ஜி. பிளஸ், அப்புறம்தான் உங்கள் வி.ஜி. அதற்குக் கீழே குட், ஃபேர், புவர். வி.ஜி.க்கு அவர்கள் தரும் விளக்கம் என்ன தெரியுமா? மெல்லிய இசை வரும் இடங்களிலும், பாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் இரைச்சல் கேட்கும்; நகத்தால் தடவினால் தட்டுப்படும் கீறல்கூட இருக்கலாம். உங்கள் புகாரும் அதேதான். 'குட்' வாங்கியிருந்தால் அழுதே இருப்பீர்கள். தாவாமல் ஓடும் என்பதைத் தாண்டி அதில் எதையும் எதிர்பார்க்க முடியாது.

'வி.ஜி./வி.ஜி. பிளஸ்' என்பதில் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது தட்டின் தரம், பின்னால் இருப்பது கவரின் தரம். பிளஸ் வாங்கியது உங்கள் கவர்தான்!

விலைக்கும் ஒரு கணக்கு உண்டு. நியர் மின்ட் 100 ரூபாய் என்றால் வி.ஜி. பிளஸ் 50, வி.ஜி. 25, குட் 10 முதல் 15. வாங்கும் முன் இதைப் பார்த்திருக்க வேண்டும்.

பாமரன்_காது:
நாலாவது படிக்கு 'மிக நன்று' என்று பெயர் வைத்தவனை விட்டுவிட்டு, நம்பி வாங்கியவரைக் குற்றம் சொல்கிறீர்களே அண்ணே. வாழைத்தார் மண்டியில் முதல் தரம், ரெண்டாம் தரம் என்றால் படிக்காதவனுக்கும் புரியும். இங்கே மட்டும் ஓட்டைப் பாத்திரத்துக்கு 'நல்லது' என்று பெயர்.

அந்த ஏணியாவது ஒன்றுதானா? பிரிட்டனில் ரெக்கார்ட் கலெக்டர் இதழ் வேறு வரிசை வைத்திருக்கிறது. மின்ட், எக்ஸலன்ட், அதற்கு அடுத்து வெரி குட். அங்கே இதே எழுத்து மூன்றாவது படி. ஈரோட்டுக்காரர் வாங்கிய பக்கத்தில் எந்த ஏணி என்று ஒரு வார்த்தை இருந்ததா?

நியர் மின்ட்டில் கால்வாசி விலை என்பதும் அமெரிக்கக் கதை. எண்பதுகளின் தமிழ்ப் பட எல்.பி.யை நியர் மின்ட்டில் நீங்கள் எத்தனை பார்த்திருக்கிறீர்கள்? நான் மூன்றோ நாலோ. அதிலும் ஒன்று யாரும் பிரிக்காமல் பீரோவில் கிடந்தது. இல்லாத சரக்குக்கு ஏது விலை, அதில் கால்வாசி எடுக்க?

மைக்செட்_பேரன்:
அது ஏன் கிடைப்பதில்லை என்று நான் சொல்கிறேன். என் தாத்தா மைக்செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டித் தட்டுகள்தான் போகும். பிளேயரின் கை கனமாக இருக்கும். ஊசியை எப்போது மாற்றுவார் என்றால், பாட்டு வழுக்க ஆரம்பித்த பிறகு. தட்டில் ஊசி ஓடும் பள்ளம் தேய்ந்து சாம்பல் பூத்துவிடும். அதைத் துடைத்து, டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் படம் எடுத்தால் புதுசு மாதிரி மின்னும். பள்ளத்தின் தேய்மானம் படத்தில் விழாது. மயிரிழைக் கீறலைப் பார்க்கவே விளக்கைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். வெயிலில் பார்த்தால் இன்னும் நல்லது.

அதனால் நடுவில் இருக்கும் துளையைச் சுற்றிப் பாருங்கள். தட்டை மாட்டும்போது கம்பி உரசி லேபிளில் கோடு கோடாக விழுந்திருக்கும். கோடு அதிகமென்றால் ஓட்டமும் அதிகம். லேபிளில் ரப்பர் ஸ்டாம்ப், பெயின்ட்டில் எழுதிய எண் இருந்தால் அது எங்களைப் போன்ற ஆட்களிடமிருந்து வந்தது. வெளிநாட்டுக் கணக்கில் லேபிளில் எழுத்து இருந்தாலே தரம் இறங்கும். எனக்கு அந்த ஸ்டாம்ப்தான் பிடிக்கும், அது வேறு விஷயம்.

ஈரோட்டுத் தம்பி, முதலில் தட்டைக் கழுவிப் பாருங்கள். வடிநீரில் கொஞ்சம் ஐசோபுரொபைல் ஆல்கஹால் கலந்து, மென்மையான துணியால், பள்ளம் போகும் போக்கிலேயே துடையுங்கள். லேபிள் நனையக் கூடாது. (நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டில் இதைச் செய்துவிடாதீர்கள். அது அரக்கு, ஆல்கஹால் பட்டால் கரையும்.) அழுக்குச் சத்தம் குறையும், கீறல் சத்தம் போகாது. எல்.பி. ஒரு சுற்றுக்கு 1.8 நொடி எடுக்கும். அந்த இடைவெளியில் டக், டக் என்று வந்தால் கீறல்தான்.

பழைய_சரக்கு:
நானும் விற்கிறவன்தான், ஆனால் இந்தத் தட்டை விற்றவன் நான் இல்லை. மாதம் 200 தட்டு கைக்கு வருகிறது. ஒவ்வொன்றையும் 40 நிமிடம் ஓட்டிக் கேட்டால் 133 மணி நேரம். அப்புறம் நான் எப்போது பேக் செய்வது? கண்ணால் பார்த்துத்தான் தரம் போடுகிறோம். கேட்டால் ஒரு பாட்டை ஓட்டி வீடியோ அனுப்புவேன். கேட்பவர் பத்தில் ஒருவர்கூட இல்லை.

பாமரன்_காது:
சரி. 'கண்ணால் பார்த்தது மட்டும், ஓட்டிப் பார்க்கவில்லை' என்று எழுத எத்தனை மணி நேரம் ஆகும்?

பழைய_சரக்கு:
நான் எழுதுகிறேன். எல்லோரும் எழுதுவதில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

சட்டப்புள்ளி:
2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. ஆனால் வீட்டில் கிடந்ததை எப்போதாவது விற்கும் தனிநபருக்கு இது பொருந்தாது. தொழிலாகத் தொடர்ந்து விற்பவருக்கே பொருந்தும். உங்களுக்கு விற்றவர் எப்படிப்பட்டவர்?

ஈரோட்டு_ரசிகன்:
பக்கத்தில் முந்நூறுக்கு மேல் தட்டு போட்டிருக்கிறார்.

ஊசிமுனை:
தொழில்காரர் என்றே வைத்துக்கொள்வோம். சொன்ன தன்மை வி.ஜி., வந்ததும் வி.ஜி. மீறல் எங்கே இருக்கிறது?

சட்டப்புள்ளி:
வழக்கே அந்த ஒரு சொல்லில்தான் நிற்கும். எந்த அளவுகோல் என்று எழுதாமல் 'வெரி குட்' என்றால் சாதாரண வாங்குபவர் என்ன புரிந்துகொள்வார் என்று கேட்பார்கள். உங்களை மாதிரி சேகரிப்பவர் என்ன புரிந்துகொள்வார் என்று கேட்க மாட்டார்கள் என்பது என் கருத்து. 1915க்குக் கூப்பிட்டால் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகாரைப் பதிவு செய்துகொள்வார்கள்.

ஊசிமுனை:
அளவுகோலை எழுதாதது தப்பு என்பதை ஏற்கிறேன். ஆனால் 2,400 ரூபாய் கொடுக்கிறவர், 'எந்த அளவுகோல், ஓட்டிப் பார்த்தீர்களா' என்று இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம். செகண்ட்ஹேண்ட் பைக் வாங்கும்போது கிக்கர் மிதிக்காமலா பணம் கொடுக்கிறோம்?

பாமரன்_காது:
பைக் கண் முன்னால் நிற்கிறது. தட்டு கூரியரில் வருகிறது. உதைத்துப் பார்க்க வழியில்லாத இடத்தில்தான் அந்த இரண்டு எழுத்தை நம்புகிறோம்.

ஈரோட்டு_ரசிகன்:
நேற்று இரவு கழுவினேன். பொரிச் சத்தம் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது, நன்றி அண்ணே. இரண்டாம் பக்கத்தில் இரண்டாவது பாட்டில் மட்டும் டக், டக் நிற்கவில்லை. கைக்கடிகாரத்தில் பார்த்தேன், பத்துச் சுற்றுக்கு 18 நொடி. அதை வீடியோ எடுத்து விற்றவருக்கு அனுப்பி, 1,000 ரூபாய் திருப்பிக் கேட்டேன். 600 தருகிறேன் என்கிறார். இன்னும் பதில் சொல்லவில்லை.

லேபிளில் விலை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. உரித்தால் அடியில் ஊதா மையில் பாதி அழிந்த ஸ்டாம்ப். 'சவுண்ட் ச' வரைக்கும் படிக்க முடிகிறது.

ஊசிமுனை:
600ஐ வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தட்டுக்கு 1,800 நியாயமான விலை.

பாமரன்_காது:
ஸ்டாம்ப்பை ஸ்டிக்கர் போட்டு மறைத்து விற்றிருக்கிறார், அதற்குப் பிறகும் நியாய விலை பேசுகிறீர்கள். 1915ஐக் கூப்பிடுங்கள் தம்பி.

மைக்செட்_பேரன்:
கீழே ஊர்ப் பெயர் இருக்குமே, தெரிகிறதா?

ஈரோட்டு_ரசிகன்:
'யூர்' என்று முடிகிறது. அந்தியூராக இருக்கலாம்.