கடல் கொண்டுபோன கோடைக் குடில்கள்: பழைய ஃபிலிம் சுருள்கள் கிடைத்திருக்கின்றன, என்ன செய்யலாம்?

கேள்வி:
கோடை விடுமுறைக்கு மட்டும் குடும்பங்கள் வந்து தங்கும் மரக் குடில்கள் அந்தக் கடற்கரையில் வரிசையாக இருந்தன. மண்ணரிப்பில் ஒவ்வொன்றாகப் போய், இப்போது எதுவுமே இல்லை. பெரியப்பா காலமான பிறகு அவர் அலமாரியில் ஒரு டப்பா நிறைய ஃபிலிம் சுருள்கள் கிடைத்தன. வெளிச்சத்தில் பிடித்தால் வராந்தா கம்பியில் காயும் துண்டுகள்கூடத் தெரிகின்றன. ஒரு சுருளில் மட்டும் புளித்த வாடை. புரொஜெக்டரும் இருக்கிறது, ஓட்டிப் பார்க்கலாமா? அங்கே தங்கிய மற்றவர்கள் எடுத்த படங்களை எங்கே தேடுவது?

பதில் 1:
தயவுசெய்து ஓட்டாதீர்கள். அது அசிட்டிக் அமில வாடை, அசிட்டேட் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது, வினிகர் சிண்ட்ரோம் என்பார்கள். ஃபிலிம் சுருங்கியிருந்தால் புரொஜெக்டரின் பற்களில் துளைகள் பொருந்தாமல் கிழிந்துவிடும். அந்தச் சுருளைத் தனியாக வையுங்கள், அதன் ஆவி மற்றவற்றையும் கெடுக்கும். ஸ்கேன் செய்ய முதலில் அதையே கொடுங்கள், பற்சக்கரம் இல்லாத ஸ்கேனரா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

பதில் 2:
எந்தக் காலத்துப் படம் என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஃபிலிம் ஓரத்துத் துளை பெரிதாக, இரண்டு படங்களுக்கு நடுவே இருந்தால் 1932இல் வந்த பழைய 8 மி.மீ. அகல ஃபிலிம். துளை சிறிதாக, படத்தின் நடுப்பகுதிக்கு நேராக இருந்தால் சூப்பர் 8 என்ற பிந்தைய வகை, அதாவது 1965 அல்லது அதற்குப் பிறகு. கோடாக் ஃபிலிம் என்றால் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் போன்ற குறிகள் இருக்கும், அவை ஃபிலிம் தயாரான ஆண்டைக் காட்டும். ஆனால் அதே குறிகள் 20 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வந்தன, அதனால் படத்தில் தெரியும் கார்களையும் உடைகளையும் வைத்துச் சரிபாருங்கள்.

பதில் 3:
இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்தில் பிரெலிங்கர் என்ற பழைய படங்களின் தொகுப்பு இருக்கிறது, குடும்பப் படங்கள் நிறைய. குடியிருப்பின் பெயரைப் போட்டால் பெரும்பாலும் எதுவும் வராது, பக்கத்து ஊர், கடற்கரை என்று தேடுங்கள். அதைவிட முக்கியம், அங்கே தங்கியவர்களில் இன்னும் இருக்கிற பெரியவர்கள். இந்தப் படங்களில் பெரும்பாலும் ஒலி இருக்காது, அதனால் ஸ்கேன் ஆனதும் அவர்களோடு உட்கார்ந்து போட்டுக் காட்டி, அவர்கள் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். குழந்தைகளின் முகத்தைவிடப் பின்னால் தெரிவதைக் கேளுங்கள், எந்தக் குடில் யாருடையது, தண்ணீர்க் குழாய் எங்கே இருந்தது என்று. அந்த இடத்துக்கு இனி வேறு சாட்சி இல்லை. கலங்கலாக இருக்கிறது, யாரும் இல்லை என்று எதையும் வெட்டிவிடாதீர்கள்.

கேட்டவர்:
சரி, ஓட்டவில்லை. சில டப்பாக்களின் மூடியில் குடும்பப் பெயர்கள் பென்சிலால் எழுதியிருக்கின்றன, அவர்களிடமிருந்தே விசாரிக்கத் தொடங்குகிறேன்.