ஊர்வனக் கடையில் சந்தித்தவர்கள்

இங்கிலாந்தில் பாம்பு, பல்லி, ஆமை விற்கும் கடையொன்றைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். இத்தொழிலில் இறங்க விரும்புவோர் பெரும்பாலும் எந்தப் பாம்பில் இலாபம் அதிகம் என்றே கேட்கிறார்கள். எங்கள் கடை வாடகையைக் கட்டுவதோ இவற்றுக்கு உணவாக வாரந்தோறும் விற்கும் வெட்டுக்கிளியும் உறையவைத்த எலியும்தாம். ராயல் பைத்தான் என்னும் மலைப்பாம்பு இருபது, முப்பது ஆண்டுகள் வாழக்கூடியது. அதை வாங்கியவர் இன்னொன்று வாங்காமலே போகலாம், எலிக்கு வந்துதான் தீர வேண்டும். ஆகவே விற்ற உயிர் நலமாக இருப்பதில்தான் எங்கள் பிழைப்பும் இருக்கிறது.

ஒருநாள் ஒருவர் தாம் வேறெங்கோ வாங்கிய பியர்டட் டிராகனைக் கொண்டுவந்தார். ஆஸ்திரேலியப் பாலைநிலத்து ஓணானான அதற்குத் தாடை மென்மையாகிக் கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. தொட்டியிலுள்ள புற ஊதா விளக்கு நன்றாகத்தான் எரிகிறது என்று அவர் உறுதியாகக் கூறினார். கண்ணுக்குத் தெரியும் ஒளி குறையாமலே புற ஊதாக் கதிர் குறைந்துவிடும் என்பதையும், அக்கதிர் இல்லாமல் உடலில் டி3 வைட்டமின் உருவாகாது, அது இல்லாவிடில் உண்ட சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது என்பதையும் விளக்கி, ஊர்வன மருத்துவம் அறிந்த கால்நடை மருத்துவரிடம் அனுப்பினேன். அதன்பின் நாங்கள் விற்கும் ஒவ்வொரு புற ஊதா விளக்கிலும் மாற்ற வேண்டிய மாதத்தை எழுதி ஒட்டுகிறோம். (அதில் எங்களுக்கு வியாபாரமும் உண்டு என்பதை நான் மறைக்கவில்லை.)

குளிர்காலத்தில் வரும் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை பைத்தான் சாப்பிட மறுக்கிறது என்பவையே. எடை குறையாதவரை அஞ்சத் தேவையில்லை என்போம்.

என்னால் மறக்க முடியாதவர் நட்சத்திர ஆமை கேட்டு வந்த தமிழ்ப் பெரியவர். வீட்டில் வைத்தால் செல்வம் சேரும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். "தம்பி, எங்கள் ஊர்க் காட்டில் கையில் எடுத்து விளையாடிய ஆமைதானே, இதற்கு எதற்குச் சான்றிதழ்?" என்று கேட்டார். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காப்பதையும், அவ்வளவு இருந்தும் கடத்தல் ஓயாததால் 2019இல், அருகிவரும் உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மிகக் கடுமையான முதலாம் பட்டியலில் அது சேர்க்கப்பட்டதையும், உரிய சான்றிதழின்றி இங்கே எவரும் அதை விற்க முடியாது என்பதையும் பொறுமையாகச் சொன்னேன். அரைமனதோடு ஏற்றுக்கொண்டவர், உடன் வந்த பேரன் கைகாட்டிய லெப்பர்ட் கெக்கோ என்னும் புள்ளிப் பல்லியை வாங்க இசைந்தார். பதினாறு வயது நிரம்பாதவருக்கு உயிர்களை விற்க இங்குள்ள சட்டம் இடம் தருவதில்லை என்பதால் தாத்தாவின் பெயரிலேயே பற்றுச்சீட்டு எழுதினேன். பல்லியைக் காசு கொடுத்து வாங்குவதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். அதன் கண்ணாடித் தொட்டியும் வெப்பத்தைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட்டும் பல்லியைவிட விலை கூடுதல் என்றதும்தான் மீண்டும் வழக்காடத் தொடங்கினார்.